கொலின்ஸைச் சுட்டது யார்? ஒரு மரணத்தின் சான்றுகளை எடைபோடும் முறை

உள்நாட்டுப் போர் ஒன்றின் தலைவர் கொல்லப்பட்டால், அவர் எப்படி இறந்தார் என்ற விவாதம் அவருடைய தலைமுறையோடு முடிந்துவிடுவதில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது தொடர்கிறது. அதற்கு முக்கியமான காரணம், ஒன்று போலத் தோன்றும் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடப்பதுதான். அந்த உடலுக்கு என்ன நேர்ந்தது என்பது முதலாவது. அதைச் செய்தவர் யார் என்பது இரண்டாவது. அவரை ஏவியவர் எவராவது உண்டா என்பது மூன்றாவது. முதலாவதற்கு மருத்துவம் பதில் சொல்ல வேண்டும், இரண்டாவதற்குக் கண்கண்ட சாட்சிகள் சொல்ல வேண்டும், மூன்றாவதற்குக் கட்டளைகளும் கடிதங்களும் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மனதில் ஏற்கனவே ஒரு விடையை வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி முதல் இரண்டுக்கும் விடை தேடத் தொடங்கும்போதுதான் வரலாறு வழக்காடு மன்றமாக மாறிவிடுகிறது.

இதை விளக்க, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட மைக்கல் கொலின்ஸின் மரணத்தை எடுத்துக்கொள்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு இந்தப் பொருளைப் பற்றி எழுதும்போது, வாசிப்பவர் மனதில் முள்ளிவாய்க்காலும் 2009 மே மாதமும் எழாமல் இருக்கப்போவதில்லை. அந்த நாட்களைப் பற்றிய கேள்விகள் இன்னும் ஆறாத புண்ணாக இருப்பவை. அவற்றைத் தொட்டவுடனே சான்றைப் பற்றிய பேச்சு நின்று, யார் எந்தப் பக்கம் என்ற பேச்சு தொடங்கிவிடும். நூறாண்டுக்கு முன், நமக்கு உறவோ பகையோ இல்லாத ஒரு நாட்டில் நடந்த மரணத்தில் சான்றுகளை எடைபோடும் முறையைப் பழகிக்கொண்டால், அதே முறையை நமக்கு நெருக்கமான மரணங்களிலும் நிதானமாகப் பயன்படுத்தலாம் என்று நம்புகிறேன்.

மைக்கல் கொலின்ஸ் 1890 ஒக்டோபர் 16 அன்று, அயர்லாந்தின் தெற்கே கோர்க் மாவட்டத்தில், குளோனகில்டி என்ற சிறு நகரத்துக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் லண்டனுக்குச் சென்று தபாற் சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். 1916இல் டப்ளினில் நடந்த எழுச்சியில் பங்குகொண்டு சிறை சென்றார். 1919 முதல் 1921 வரை பிரித்தானியாவுக்கு எதிராக நடந்த விடுதலைப் போரில் போராளிகளின் புலனாய்வுக்குத் தலைமை தாங்கினார். 1921 டிசம்பர் 6 அன்று லண்டனில் ஆங்கிலோ ஐரிஷ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர்.

அந்த உடன்படிக்கை அயர்லாந்துக்கு முழுக் குடியரசைத் தரவில்லை. கனடாவுக்கு இருந்ததைப் போன்ற டொமினியன் அந்தஸ்தைத் தந்தது. மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் சத்தியப் பிரமாணம் ஒன்றும் அதில் இருந்தது. 1948இல் இலங்கை பெற்றதும் டொமினியன் அந்தஸ்துதான், 1972இல் குடியரசாகும் வரை பிரித்தானிய முடியே இங்கும் அரச தலைமையாக இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே பெரிய சலனமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் ஏற்பாடு, அங்கே தோழர்களையே இரண்டாகப் பிளந்தது. 1922 ஜனவரி 7 அன்று அயர்லாந்துப் பாராளுமன்றம் 64 வாக்குகளுக்கு 57 என்ற சிறிய வித்தியாசத்தில் உடன்படிக்கையை ஏற்றது. ஏமன் டி வலேரா எதிரணியின் அரசியல் முகமானார். உடன்படிக்கையை எதிர்த்த ஆயுததாரிகள் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத் தொகுதியைக் கைப்பற்றி அங்கே நிலைகொண்டனர். ஜூன் 28 அன்று கொலின்ஸின் அரசாங்கம், பிரித்தானியாவிடமிருந்து பெற்ற பீரங்கிகளைக் கொண்டு அதைத் தாக்கியது. உள்நாட்டுப் போர் தொடங்கியது.

அந்தத் தாக்குதலின்போது ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அயர்லாந்தின் பொதுப் பதிவேட்டுக் காப்பகம் வெடித்து எரிந்து, நூற்றாண்டுக் கணக்கான ஆவணங்கள் சாம்பலாயின. யாழ்ப்பாண நூலகத்தின் 1981ஆம் ஆண்டை அறிந்த ஒருவரால் இந்த வரியை வாசித்துவிட்டு இலகுவாகக் கடந்து போக முடியாது.

கொலின்ஸ் ஜூலை மாதத்தில் அரசாங்கப் படைகளின் பிரதம தளபதியானார். ஓகஸ்ட் 12 அன்று அரசாங்கத்தின் மற்றொரு தூணான ஆர்தர் கிரிஃபித் நோயுற்று இறந்தார். பத்து நாட்களுக்குப் பின் கொலின்ஸும் இல்லை. அப்போது அவருக்கு வயது 31.

1922 ஓகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. கொலின்ஸ் காலையிலேயே கோர்க் நகரத்திலிருந்து புறப்பட்டு, தான் பிறந்து வளர்ந்த மேற்குக் கோர்க் பகுதியைச் சுற்றிப் பார்வையிடச் சென்றார். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், அடுத்துச் சிப்பாய்கள் நிறைந்த ஒரு திறந்த லொறி, அதன் பின்னால் கொலின்ஸும் மேஜர் ஜெனரல் எமெட் டோல்டனும் அமர்ந்திருந்த திறந்த மேல்பகுதி கொண்ட மோட்டார் கார், கடைசியாக ‘ஸ்லீவ்நமான்’ என்று பெயரிடப்பட்ட ரோல்ஸ் ரொய்ஸ் கவச வாகனம். காலையில் பேல் ந ப்ளா என்ற இடத்தைக் கடக்கும்போது அவர்கள் வழி கேட்டார்கள். வழி சொன்னவர் எதிரணியின் காவலாளி. அதே பகுதியில் அன்று எதிரணித் தளபதிகள் கூட்டம் ஒன்றுக்காகக் கூடியிருந்தார்கள். போனவர் இதே வழியால் திரும்பக்கூடும் என்று கணித்து அவர்கள் பதுங்கித் தாக்குதலுக்கு ஏற்பாடு செய்தார்கள். வீதியில் கண்ணிவெடி புதைக்கப்பட்டது, ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தார்கள்.

பகல் முழுவதும் காத்திருந்தும் வாகனங்கள் வரவில்லை. மாலையில் தாக்குதலைக் கைவிட்டுப் பெரும்பாலானோர் கலைந்து போனார்கள். கண்ணிவெடியை அகற்றிக்கொண்டிருந்த சிலரும் அவர்களுக்குக் காவலாக நின்ற சிலரும் மட்டுமே எஞ்சியிருந்தபோது, இரவு எட்டு மணி அளவில், மங்கிய வெளிச்சத்தில் வாகனத் தொடரணி வந்து சேர்ந்தது. மேட்டிலிருந்து வெடிகள் கேட்டன. வேகமாக ஓட்டிச் சென்றுவிடும்படி டோல்டன் சாரதிக்குக் கட்டளையிட்டார். கொலின்ஸ் அதை மறுத்து, நிறுத்துங்கள், நின்று சண்டையிடுவோம் என்றார். சுமார் அரை மணி நேரம் இரு பக்கமும் சுட்டுக்கொண்டன. கவச வாகனத்தின் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி இடையில் இறுகி நின்றுபோனது. கொலின்ஸ் காரின் மறைவை விட்டு வீதியில் சற்றுத் தூரம் நகர்ந்து சென்று சுட்டுக்கொண்டிருந்தார். சூடு ஓய்ந்தபோது அவர் வீதியில் விழுந்து கிடந்தார். வலது காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் பெரிய காயம் வாயைத் திறந்துகொண்டிருந்தது என்று டோல்டன் பின்னர் எழுதினார். அந்த மோதலில் உயிரிழந்தவர் கொலின்ஸ் ஒருவர் மட்டுமே.

வெள்ளவத்தையில் உயர்தர வரலாறு படிக்கும் மாணவர்களோடு இந்தக் கதையைப் பேசி இந்த இடத்துக்கு வந்தவுடன், “சேர், அப்ப கடைசியில யார் சுட்டது?” என்ற கேள்வி தவறாமல் வரும். நியாயமான கேள்விதான். ஆனாலும் அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உடல் கிடைத்தது, இடம் தெரியும், நேரம் தெரியும், அருகில் இருபதுக்கும் குறையாத சிப்பாய்கள் இருந்தார்கள், அப்படியிருந்தும் இது எப்படி விவாதமானது?

மரண விசாரணை நடக்கவில்லை என்பதுதான் பதில். இலங்கையில் வாழும் ஒருவருக்கு இதன் கனத்தைச் சொல்லி விளங்கவைக்க அதிகம் பாடுபடத் தேவையில்லை. ஒருவர் விபத்திலோ, வன்முறையிலோ, காரணம் தெரியாமலோ இறந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ உடலைப் பார்வையிட வேண்டும், தேவையானபோது சட்ட வைத்திய அதிகாரியைக் கொண்டு பிரேத பரிசோதனை செய்விக்க வேண்டும், கண்டவர்களின் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும், காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டம் இதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. பிரித்தானியச் சட்ட மரபு இங்கும் அயர்லாந்திலும் விட்டுச்சென்ற ஏற்பாடு இது. குடும்பத்தினருக்கு இது பெரும்பாலும் ஒரு தொந்தரவாகவே தோன்றும். பொலிஸ் நிலையத்துக்கும் வைத்தியசாலைச் சவச்சாலைக்கும் இடையே அலைந்து, உடலைப் பொறுப்பேற்க ஒரு நாள் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சலிப்பு தெரியும். ஆனால் அந்த அலைச்சலின் பயனாகத்தான், நினைவு மங்காத நேரத்தில், சத்தியத்தின் கீழ், ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிடக்கூடிய ஒரு பதிவு பிறக்கிறது. பின்னால் வரும் எந்த வரலாற்றாசிரியரும் அந்தப் பதிவைத்தான் முதலில் தேடுவார்.

கொலின்ஸின் விடயத்தில் அந்தப் பதிவு இல்லை. கோர்க் நகரத்தை அரசாங்கப் படைகள் கைப்பற்றி இரண்டு வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. வீதிகள் வெட்டப்பட்டிருந்தன, பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன, இருட்டில் வயல்களுக்குள்ளால் வழி தேடித்தான் உடலை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஷனகீல் வைத்தியசாலையில் வைத்தியர்கள் பார்த்தார்கள். பின்னர் கடல் வழியாக டப்ளினுக்கு அனுப்பினார்கள். டப்ளினில் வைத்தியரும் கவிஞருமான ஒலிவர் சென் ஜோன் கோகார்டி உடலைப் பதப்படுத்தினார். சிற்பி ஒருவர் முகத்தின் அச்சை எடுத்தார். ஓகஸ்ட் 28 அன்று கிளாஸ்நெவின் மயானத்தில் பெருந்திரளான மக்கள் கூடி அடக்கம் செய்தார்கள். ஒரு தலைவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அனைத்தும் செய்யப்பட்டது, சாதாரண மனிதர் ஒருவருக்குச் சட்டப்படி செய்ய வேண்டிய விசாரணை மட்டும் விடுபட்டது.

அந்த விடுபடல் முதலாவது கேள்வியையே, அதாவது காயத்தைப் பற்றிய கேள்வியையே, திறந்து வைத்துவிட்டது. துப்பாக்கிக் காயத்தில் சன்னம் உள்ளே புகுந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் வேறுபடுத்துவதுதான் பரிசோதிப்பவரின் முதல் வேலை. தூரத்திலிருந்து சுடப்பட்ட ரைஃபிள் சன்னம் பொதுவாகச் சிறிய துளையோடு புகுந்து, எலும்பைச் சிதைத்துக்கொண்டு பெரிய காயத்தோடு வெளியேறும். மிக அருகிலிருந்து சுட்டால் தோலில் கரியும் வெடிமருந்துத் துகள்களும் படியும். கல்லிலோ இரும்பிலோ பட்டுத் தெறித்த சன்னம் நேராகப் பறக்காமல் புரண்டு வருவதால், புகும் இடத்திலேயே ஒழுங்கற்ற பெரிய காயத்தை உண்டாக்கக்கூடும். இப்போது காதுக்குப் பின்னிருந்த அந்தப் பெரிய காயத்துக்குத் திரும்புவோம். அது வெளியேறிய காயம் என்றால் சன்னம் முன்னாலிருந்து வந்திருக்க வேண்டும், நெற்றிப் பக்கத்தில் சிறிய துளை ஒன்று இருந்திருக்க வேண்டும். அது புகுந்த காயம் என்றால் பின்னாலிருந்து, அல்லது தெறித்து வந்திருக்க வேண்டும். நெற்றியோரத்தில் துளை இருந்ததா, இல்லையா என்பதில் உடலைப் பார்த்தவர்களின் பிற்கால வார்த்தைகள் ஒத்துப்போகவில்லை. இரண்டே வரிகளில் ஒரு வைத்தியர் அன்றே எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாள் காப்பகத்தில் கிடைத்திருந்தால், இன்று இருக்கும் கோட்பாடுகளில் பாதி பிறந்திருக்காது.

காயம் பேச முடியாத இடத்தில் மனிதர்கள் பேசத் தொடங்குகிறார்கள். ஒரு சாட்சியைப் படிக்கத் தொடங்குபவர் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. அவர் அந்த நேரத்தில் எங்கே நின்றார், எதைப் பார்த்திருக்க முடியும், எத்தனை காலத்துக்குப் பிறகு சொன்னார், சொன்னதால் அவருக்கு ஆதாயமோ ஆபத்தோ இருந்ததா என்பவைதான். டோல்டனின் கூற்று இந்த அளவுகோலில் மதிப்பு மிக்கது, ஏனென்றால் அவர் அருகில் இருந்தார், சில ஆண்டுகளுக்குள்ளேயே எழுதினார். ஆனால் கொலின்ஸ் சுடப்பட்ட கணத்தில் அவரே கொலின்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வீதி வளைவுக்கு அப்பால் கொலின்ஸின் குரலைக் கேட்டதாகவும், ஓடிச் சென்று பார்த்தபோது விழுந்து கிடந்ததாகவும்தான் அவர் கூற்று. மிக நெருக்கமான சாட்சிகூட விளைவைக் கண்டவர்தான், சன்னத்தைக் கண்டவர் அல்லர். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இத்தகைய விவாதங்களில் பெரும்பகுதி தெளியும்.

எதிரணியில் இருந்தவர்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணம் வெளிப்படையானது. நாட்டின் பெரும்பகுதி போற்றும் ஒருவரைக் கொன்றவர் என்று பெயர் எடுக்க எவர் விரும்புவார்? பதுங்கியிருந்த அணிக்குத் தலைமை தாங்கிய டொம் ஹேல்ஸ், விடுதலைப் போர்க் காலத்தில் கொலின்ஸின் நண்பர். அவருடைய சொந்தச் சகோதரர் சீன் ஹேல்ஸ் அரசாங்கப் பக்கத்தில் தளபதியாக இருந்து, அதே ஆண்டு டிசம்பரில் எதிரணியினரால் டப்ளினில் சுட்டுக்கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட போரில் மௌனம் குற்றத்தின் அடையாளமாக இருக்க வேண்டும் என்பதில்லை, துக்கத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். 1964இல்தான், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த அணியில் உயிரோடிருந்த சிலர் கூடித் தங்கள் நினைவைப் பதிவு செய்ய முன்வந்தார்கள். அந்தப் பதிவு மதிப்புடையது. ஆனால் பலர் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சேர்த்த நினைவில், ஒருவருடைய நினைவு மற்றவருடையதைத் திருத்தியிருக்கும் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இனிச் சந்தேகப் பட்டியல். அடிக்கடி சொல்லப்படும் பெயர் டெனிஸ் ஓநீல். ‘சொனி’ என்று அழைக்கப்பட்டவர், முன்பு பொலிஸிலும் பிரித்தானிய இராணுவத்திலும் இருந்தவர், அன்று அந்த மேட்டில் இருந்தவர்களுள் ஒருவர். 1980களின் இறுதியில் அவருடைய பெயர் பரவலாக வெளிவந்தது. அப்போது அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன, 1950இலேயே மறைந்துவிட்டார். தன் வாயால் அவர் பொதுவெளியில் எதையும் சொல்லவில்லை. மேட்டிலிருந்து சுட்ட சில துப்பாக்கிகளில் எந்தத் துப்பாக்கியின் சன்னம் என்பதை, மங்கிய ஒளியில், சுட்டவரேகூட அறிந்திருப்பாரா என்பது ஐயத்துக்குரியது. அவர் சுட்டிருக்கலாம் என்று சொல்வதற்கு இடமுண்டு, அவர்தான் சுட்டார் என்று எழுதுவதற்கு இடமில்லை. பல நூல்களும் செய்திக் கட்டுரைகளும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலான தூரத்தை ஓர் எட்டில் தாண்டிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இறந்தவருக்கும் ஒரு பெயர் உண்டு, அவருக்குப் பின்னும் குடும்பம் உண்டு.

மற்றொரு சந்தேகம் கொலின்ஸின் பக்கத்திலேயே விழுந்தது. டோல்டன் முதலாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்தில் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர், ஆகவே பிரித்தானியரின் கையாளாக இருந்து கொன்றிருக்கலாம் என்றார்கள். கவச வாகனத்தின் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய ஜொக் மக்பீக் அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கவச வாகனத்தையே ஓட்டிக்கொண்டு எதிரணிக்குச் சென்றுவிட்டார், ஆகவே துப்பாக்கி இறுகியது தற்செயலன்று, அவரே சுட்டிருக்கலாம் என்றார்கள். இந்த இரண்டு வாதங்களிலும் ஒரே பிழை இருக்கிறது. ஒருவரின் பின்னணியிலிருந்தோ பிற்காலச் செயலிலிருந்தோ பின்னோக்கிச் சென்று, அந்த ஒரு கணத்தில் அவர் என்ன செய்தார் என்று முடிவுகட்டுகிறார்கள். டிசம்பரில் கட்சி மாறியவர் ஓகஸ்டிலும் மாறியிருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டும். அந்நாட்களில் பிரித்தானிய இராணுவ அனுபவம் உள்ளவர்கள் இரு பக்கங்களிலும் இருந்தார்கள். மேட்டில் இருந்த ஓநீலும் அப்படிப்பட்டவரே.

மூன்றாவது கேள்வி டி வலேராவை நோக்கித் திரும்புகிறது. அவர் அந்நாட்களில் அதே பகுதியில் இருந்தார் என்பது உண்மை. அவர் கட்டளையிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. அப்போது எதிரணியின் ஆயுததாரிகள் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களாகவும் இல்லை. போரை நடத்தியவர்கள் களத் தளபதிகள், அவர் பெரும்பாலும் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்தார். ஆனால் பிற்காலத்தில் அவர் பிரதமராகவும் ஜனாதிபதியாகவும் பல பத்தாண்டுகள் நாட்டின் உச்சியில் இருந்ததால், அவரை வெறுத்தவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு தேவைப்பட்டது. ஒருவருக்கு நோக்கம் இருந்திருக்கலாம் என்பதும், ஒருவர் அருகில் இருந்தார் என்பதும் சேர்ந்து ஒரு சந்தேகத்தை உண்டாக்கும். சந்தேகம் எத்தனை சேர்ந்தாலும் அவற்றின் கூட்டுத்தொகை சான்றாகிவிடாது.

ஆவணங்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1932 மார்ச் மாதத்தில், ஏற்கனவே தேர்தலில் தோற்று, டி வலேராவிடம் ஆட்சியைக் கையளிக்கவிருந்த நிலையில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் உள்நாட்டுப் போர்க்காலப் புலனாய்வு ஆவணங்களையும் மரண தண்டனைகள் தொடர்பான கோப்புகளையும் எரித்துவிடக் கட்டளையிட்டார். கொலின்ஸின் மரணத்தைப் பற்றிய உண்மை அந்தத் தீயில்தான் போனது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இங்கே தொடக்க வாசகர் நிதானிக்க வேண்டும். எரிக்கப்பட்ட தாளில் என்ன இருந்தது என்பதை எரிப்பு நமக்குச் சொல்லாது. சட்டபூர்வமற்ற கொலைகளை மறைக்க எரித்திருக்கலாம், தகவல் தந்தவர்களைப் பழிவாங்கலிலிருந்து காக்க எரித்திருக்கலாம். ஆவணத்தை அழித்தவர் நம் நம்பிக்கையை இழக்கிறார், அது நியாயமே. அந்த நம்பிக்கையின்மையை வைத்துக்கொண்டு, அழிந்த தாளில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள மட்டும் உரிமை கிடைத்துவிடாது.

கொழும்பு வாசகருக்கு இது தூர தேசத்துக் கதையாகவே நின்றுவிட வேண்டியதில்லை. 1983 ஜூன் மாதத்தில் அவசரகால ஒழுங்குவிதி 15ஏ நடைமுறைக்கு வந்தது. பொலிஸார் மரண விசாரணையோ பிரேத பரிசோதனையோ இல்லாமலே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது இடமளித்தது. முதலில் வடக்கில் தமிழ் இளைஞர்களின் உடல்கள் தொடர்பில் பொருள்பெற்ற அந்தச் சிந்தனை, 1980களின் இறுதியில் தெற்கில் சிங்கள இளைஞர்களின் உடல்களுக்கும் திரும்பி வந்தது. 1989 நவம்பர் 12 அன்று உலப்பனையில் கைதுசெய்யப்பட்ட மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் ரோஹண விஜேவீர கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு மறுநாளே உயிரிழந்தார். ஆவணங்களை எடுக்க அவரை ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றபோது, உடனிருந்த அவருடைய இயக்கத்தவர் ஒருவரே அவரைச் சுட்டார் என்பது அரசாங்கத்தின் விளக்கம். அந்த விளக்கத்தை வெளியிட்டவர் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ரஞ்சன் விஜேரத்ன. உடல் பொரளைக் கனத்தை மயானத்தில் எரிக்கப்பட்டது. தடுப்பில் வைத்தே கொல்லப்பட்டார் என்ற நம்பிக்கை அன்றிலிருந்து இன்றுவரை பரவலாக இருக்கிறது. விளக்கம் சொன்ன அமைச்சரும் 1991 மார்ச் 2 அன்று கொழும்பில் குண்டுவெடிப்பில் இறந்தார்.

இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்தால் ஒரு முக்கியமான வேறுபாடு தெரிகிறது. கொலின்ஸ் களத்தில், கையில் துப்பாக்கியோடு, சண்டையின் நடுவே விழுந்தார். விஜேவீர அரசின் பொறுப்பில் இருந்தபோது இறந்தார். முதலாவதில் பதிவு இல்லாதது போர்க்காலக் குழப்பத்தின் விளைவு என்று ஓரளவுக்குச் சொல்லலாம். இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியாது. தடுத்துவைத்தவருக்கே அந்த உயிருக்குக் கணக்குச் சொல்லும் கடமை இருக்கிறது, கணக்கு இல்லாதபோது சந்தேகத்தின் பாரமும் அவர்மீதே விழுகிறது. பதிவு இல்லை என்ற ஒரே நிலை எல்லா இடத்திலும் ஒரே முடிவைத் தருவதில்லை. பதிவு செய்யும் ஆற்றலும் கடமையும் யாரிடம் இருந்தன என்று கேட்டுத்தான் அதை எடைபோட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நம் நாட்டின் போர்க்கால மரணங்களைப் பற்றி இரு தரப்பும் சொல்பவற்றைப் படித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கொலின்ஸைப் பொறுத்தவரை, சான்றுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வந்துசேரும் இடம் பரபரப்பற்றது. கலைந்துகொண்டிருந்த பதுங்கித் தாக்குதல் அணியில் எஞ்சிய ஒருவர் சுட்ட ரைஃபிள் சன்னம், நேராகவோ தெறித்தோ, மறைவை விட்டு வெளியே நின்றவரின் தலையில் பட்டது. சதி இருந்ததற்கான சான்று இல்லை, சுட்ட கைக்குரிய பெயரும் உறுதியில்லை. இந்த விடை பலருக்குத் திருப்தி தருவதில்லை. இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு சிறிய காரணத்தால், தான் பிறந்த மாவட்டத்திலேயே, நின்று சண்டையிடுவோம் என்ற தன் சொந்தக் கட்டளையாலேயே இறந்திருக்க முடியுமா என்று மனம் ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்பை நான் புரிந்துகொள்கிறேன். அது அன்பிலிருந்து வருவது.

ஆனால் அங்கே இருந்தவர்களிடம் கேட்டிருக்கக்கூடிய காலம் நிறையவே இருந்தது. விடுதலைப் போரில் பங்குகொண்டவர்களின் வாக்குமூலங்களைச் சேகரிக்க அயர்லாந்து அரசாங்கம் ஒரு பணியகத்தை நிறுவி, 1947 முதல் 1957 வரை 1,773 வாக்குமூலங்களைப் பதிந்தது. அதற்கு வகுக்கப்பட்ட எல்லை 1913இல் தொடங்கி 1921 ஜூலை 11இல், பிரித்தானியாவுடன் போர்நிறுத்தம் ஏற்பட்ட நாளில், முடிந்தது. உள்நாட்டுப் போர் அந்த எல்லைக்கு வெளியே விடப்பட்டது. பணியகம் வேலையைத் தொடங்கியபோது சொனி ஓநீல் உயிரோடிருந்தார். டொம் ஹேல்ஸ் 1966 வரையும், எமெட் டோல்டன் 1978 வரையும் வாழ்ந்தார்கள்.